டேம்பரின் கேட்டால் அது ரிங்கோவின் டிரம்ஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டான 'லவ் மீ டூ' பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள், லிவர்பூல் கதையெல்லாம் சுவையாக இருந்தது. ஆனால் இந்தப் பாட்டில் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸைக் கவனித்துக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே கேட்பதற்கு ஒரு கியூஆர் கோடும் போட்டிருந்தீர்கள். அதைத் திறந்தால் வருவது 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தில் உள்ள பதிவு. அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஆண்டி வைட் என்ற ஸ்டுடியோ கலைஞர். ரிங்கோவும் அதில் இருக்கிறார், கையில் டேம்பரினோடு, அதாவது சலங்கைத் தகடுகள் கோத்த வளையத்தோடு!

குற்றம் கண்டுபிடிக்க எழுதவில்லை. இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இருக்கும் கதை, கட்டுரையில் வந்த கதையைவிட நன்றாக இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பாட்டு 1962இல் லண்டனில் இஎம்ஐ ஸ்டுடியோவில் மூன்று முறை பதிவானது, மூன்று முறையும் டிரம்ஸில் வேறு வேறு ஆள். ஜூன் 6ஆம் தேதி, அப்போது குழுவின் டிரம்மராக இருந்த பீட் பெஸ்ட். பாட்டு நடுவில் அவர் தாளப்போக்கை மாற்றுவார், அந்த இடம் தனியாக வண்டி தடம் மாறியது போல இருக்கும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அவர் வாசிப்பு பிடிக்கவில்லை, ஆகஸ்டில் குழுவே அவரை அனுப்பிவிட்டு ரிங்கோவைச் சேர்த்துக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதி ரிங்கோ வாசித்தார். அதிலும் திருப்தி வராமல் ஒரே வாரத்தில், செப்டம்பர் 11ஆம் தேதி, ஆண்டி வைட்டைக் கூலிக்கு வரவழைத்துவிட்டார்கள். புதிதாகக் குழுவில் சேர்ந்த ஆள் ஸ்டுடியோவுக்கு வந்து பார்த்தால் தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார், நீ இதைத் தட்டு என்று இவர் கையில் டேம்பரினைக் கொடுக்கிறார்கள். இந்த வருத்தத்தை ரிங்கோ பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லாமல் என்ன செய்வார்?

சரி, ஆண்டி வைட் பதிவுதான் வெளிவந்திருக்கும் என்று நினைப்போம். ஆனால் அக்டோபர் 5ஆம் தேதி சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டாக, கடைக்கு வந்தது ரிங்கோவின் பதிவு. அதே தட்டைத் திருப்பிப் போட்டால் 'பி.எஸ். ஐ லவ் யூ', அதில் டிரம்ஸ் ஆண்டி வைட், ரிங்கோ மராக்காஸ் குலுக்குகிறார். 1963 மார்ச்சில் ஆல்பம் வந்தபோது 'லவ் மீ டூ'வுக்கும் வைட் பதிவையே போட்டார்கள், பிறகு அச்சான சிங்கிள்களிலும் அதுவே ஏறியது. ரிங்கோ பதிவு உள்ள, சிவப்பு லேபிள் ஒட்டிய முதல் அச்சுகளுக்குச் சேகரிப்பாளர்கள் இவ்வளவு அலைவது இதனால்தான். 1964இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் வைட் பதிவுதான். ரிங்கோ பதிவின் மூல டேப் இல்லாமலே போய்விட்டது. 1988இல் அதை சிடியில் கொண்டுவந்தபோது ஒரு பழைய இசைத்தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், ஹெட்போனில் கேட்டால் இன்னும் நல்லது. பொறுமையே வேண்டாம், இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. ஆல்பம் பதிவில் டேம்பரின் ஜல் ஜல் என்று கூடவே வரும், தாளம் சுத்தமாக, ஒட்டடை இல்லாத வீடு மாதிரி இருக்கும். சிங்கிளில் டேம்பரின் கிடையாது. டிரம்ஸ் கொஞ்சம் கனமாக, பின்னால் இழுப்பதுபோல இருக்கும், மொத்தப் பாட்டுமே லேசாகத் தயங்கி நடக்கும். குழுவின் ஜான் லெனன் மௌத் ஆர்கன் வாசிப்பதால், வாத்தியம் நிற்கும் இடத்தில் பாட்டின் பெயர் வரும் வரியைப் பால் மெக்கார்ட்னி தனியாகப் பாட வேண்டியதாயிற்று. தன் குரலில் இருந்த நடுக்கம் இப்போதும் தனக்குக் கேட்கிறது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நடுக்கத்துக்குப் பொருத்தமான தாளம் ரிங்கோவுடையது என்பது என் கட்சி. வைட் நன்றாக வாசித்தார், அதில் சந்தேகமில்லை, ஆனால் அது வேலைக்கு வந்தவர் வாசிப்பு.

சாதாரணமாகக் கேட்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். பழைய தமிழ்ப் படப் பாடல்களில் இசைத்தட்டில் இல்லாத சரணம் படத்தில் வந்தால் நம் ஆட்கள் டீக்கடையில் மணிக்கணக்காக வாதாடுவார்கள், அங்கே யாரும் இப்படிக் கேட்பதில்லை. தவிர, எந்தப் பதிவு என்று தெரியாமல் பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால் அபிப்பிராயமே தப்பாகிவிடும். பீட்டில்ஸின் 'லெட் இட் பீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் 1970 மார்ச், ஆல்பம் அதே ஆண்டு மே, இரண்டுக்கும் அடிப்படை 1969 ஜனவரி 31ஆம் தேதிப் பதிவுதான். ஆனால் சிங்கிளில் ஜார்ஜ் ஹாரிசனின் கிடார் சுழலும் ஸ்பீக்கர் வழியாக அடக்கமாக வரும், ஆல்பத்தில் அவரே வேறொரு நாள் வாசித்தது கரகரவென்று முகத்தில் அடிக்கும். ஆல்பத்துக்கு ஒலிக்கலவை செய்த பில் ஸ்பெக்டர் பித்தளை வாத்தியங்களையும் முன்னால் இழுத்துவிட்டார். இது மென்மையான பாட்டு என்று ஒருவரும் ஆர்ப்பாட்டமான பாட்டு என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டு பேருமே சரியாக இருக்க வாய்ப்பிருக்கிறது.

'ரெவல்யூஷன்' கதை இன்னும் வேடிக்கை. 1968இல் முதலில் பதிவானது மெதுவான வடிவம், அது ஆல்பத்துக்குப் போய் நவம்பரில் வந்தது. பிறகு பதிவான வேகமான, கிடார் கிழிகிற வடிவம் சிங்கிளாக ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அழிக்கிற வேலை என்றால் என்னைச் சேர்க்காதே என்று சிங்கிளில் பாடும் லெனன், ஆல்பத்தில் அதே இடத்தில் சேர்த்துக்கொள் என்றும் ஒட்டிவிடுகிறார். அவருடைய அரசியலைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர் எந்தத் தட்டைக் கேட்டார் என்று சொல்லாவிட்டால் எப்படி?

எனவே ஒரு வேண்டுகோள். பழைய பாட்டைப் பற்றிப் போடும்போது சிங்கிளா ஆல்பமா, எந்த ஆண்டு, யார் வாசித்தது என்று கீழே ஒரு வரி போதும், பொடி எழுத்தில் போட்டாலும் படித்துக்கொள்வோம். ஸ்ட்ரீமிங் ஆப்களை நம்பிப் பயனில்லை, அங்கே டிரம்ஸில் யார் என்று பெரும்பாலும் தெரியாது.

கட்டுரை படித்துவிட்டு ரிங்கோவைத் தேடியவர்களுக்கு: அவர் வாசித்தது 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் முதல் பாட்டாக இருக்கிறது. 2023இல் 'நவ் அண்ட் தென்' சிங்கிளோடு சேர்த்து வெளியிட்டதும் அதே பதிவுதான், இந்த முறை ஸ்டீரியோவில். பீட் பெஸ்டைக் கேட்க ஆசை இருந்தால் 1995இல் வந்த 'ஆந்தாலஜி 1'இல் தேடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி