‘புரிந்தது சார்’ என்பது சான்றாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல், கணிதக் கல்வியை மேம்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தெளிவாக விளக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, அந்த விளக்கங்களைக் காணொளியாக்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் மீதியும் தீர்ந்தது என்பது அதன் சாரம். படிக்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் கற்பித்தல் பற்றிய ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது வேறு. கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

1992இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் விசை பற்றிய ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். சூத்திரமோ கணக்கோ தேவையில்லை. பெரிய லாரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்தும் என்பதுபோன்ற கேள்விகள். எந்த விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மாணவர்கள் பலர் ‘லாரிதான்’ என்று குறித்தார்கள். எரிக் மஸூர் ஹார்வர்டில் இயற்பியல் நடத்தியவர், மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கியவர். தம் வகுப்பில் இதைக் கொடுத்தபோது ஒரு மாணவர் அவரிடமே கேட்டிருக்கிறார்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று. மஸூர் தம் கற்பித்தல் முறையையே மாற்றிக்கொண்டார். வகுப்பின் நடுவே ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லி வாதிட வேண்டும். மறுபடி விடை கேட்கப்படும். அதற்குப் பிறகுதான் ஆசிரியரின் விளக்கம்.

இதற்குப் பலன் இருந்ததா? 1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 இயற்பியல் வகுப்புகளின், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைகளைத் தொகுத்தார். பாடம் தொடங்கும்போது தெரியாமல் இருந்ததில் எவ்வளவு முடியும்போது தெரிந்திருக்கிறது என்பது அவருடைய அளவுகோல். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 23 சதவீதம். மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகளில் 48 சதவீதம். விரிவுரை வகுப்புகளில் ஒன்றுகூட 30 சதவீதத்தை எட்டவில்லை. அத்தனை ஆசிரியர்களில் நன்றாக விளக்கத் தெரிந்தவர் ஒருவர்கூடவா இருந்திருக்க மாட்டார்!

2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே திசைதான். விரிவுரை வகுப்புகளில் தேறாதவர் சுமார் 34 சதவீதம், மற்றவற்றில் சுமார் 22 சதவீதம். ஃப்ரீமன் குழு பார்த்தவை கல்லூரி வகுப்புகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை.

கட்டுரையாளர் தம் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது மாணவர்களின் திருப்தியை. ‘அவர் நடத்தினால் எல்லாம் புரிகிறது’ என்று அவர்கள் சொல்கிறார்களாம். இங்கேதான் எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் செய்த சோதனையை அவர் பார்த்திருக்க வேண்டும். மாணவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே பாடம், ஒரே கையேடு. ஒரு பிரிவுக்குச் சரளமான விரிவுரை. இன்னொரு பிரிவு தானே கணக்குகளோடு மல்லுக்கட்டிய பிறகு விடை விளக்கப்பட்டது. தேர்வில் மல்லுக்கட்டியவர்களே அதிகம் எடுத்தார்கள். ஆனால் ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்று சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள். சரளமான பேச்சு கேட்பவருக்கே தெளிவு வந்துவிட்டதாகத் தோன்றச் செய்கிறது. திணறுகிறவருக்கோ தான் பின்தங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. காணொளிக்குக் கிடைக்கும் பாராட்டுகளும் இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

கணிதத்தில் இந்த மயக்கம் வினாத்தாளுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. 0.75, 0.3 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். 75 என்பது 3ஐவிடப் பெரியது, ஆகவே 0.75 என்று நினைக்கும் குழந்தைக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். 0.35, 0.7 என்று கேட்டால்தான் அந்தக் குழந்தையின் மனதில் இருக்கும் விதி வெளியே வரும். இலக்கம் கூடக்கூட எண் பெரியது என்று நம்பும் குழந்தைகள் உண்டு. அதற்கு நேர்மாறாக, இலக்கம் குறைந்ததே பெரியது என்று நம்புகிறவர்களும் உண்டு. மெல்பர்னில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் இந்தத் தசமக் குழப்பங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நானும் கணிதம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே விளக்கம் உதவாது, அது எவ்வளவு அழகான விளக்கமாக இருந்தாலும். யார் எந்த விதியை வைத்திருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். அதைக் காணொளி கேட்காது.

வீட்டுப்பாடத்திலும் இதே கதை. ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட்டால் கை ஓடுகிறது, மனதுக்கும் நிறைவாக இருக்கிறது. வகைகளைக் கலந்து கொடுத்தால் ஒவ்வொன்றிலும் எந்த வழி என்று முதலில் யோசிக்க வேண்டியிருப்பதால் எரிச்சல் வருகிறது. டக் ரோரர் குழுவினர் 54 ஏழாம் வகுப்புகளில் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட முடிவு: ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 61 சதவீதம், ஒரே வகையாகப் போட்டவர்கள் 38 சதவீதம். பாடப்புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம்கூடச் சேர்க்க வேண்டாம், கணக்குகளின் வரிசையை மாற்றினால் போதும்!

இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கட்டும், ஆசிரியர் ஓரமாக நிற்கட்டும் என்று யாராவது முடிவுகட்டினால் அதுவும் தவறு. அடிப்படை தெரியாதவரை வழிகாட்டாமல் விட்டால் அவர் சுற்றிச் சுற்றி வருவாரே தவிரக் கற்பதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதியது இன்றும் விவாதிக்கப்படுகிறது. சாதனங்களை மேசையில் பரப்பிக் கலகலவென்று நடக்கும் வகுப்பிலும் யாரும் எதையும் யோசிக்காமல் இருக்க முடியும். விளக்கம் வேண்டும்தான். அது எப்போது, எந்தக் கேள்விக்குப் பிறகு என்பதுதான் பேச்சு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் பட்டியல்களுக்கும் முதலிடம் பெற்றவர்களின் பேட்டிகளுக்கும் ஒதுக்கும் இடத்தில் கொஞ்சம் எடுத்து, இதழுக்கு ஒரு கேள்வி வெளியிடலாமே. விடையை அடுத்த இதழில் தந்தால் போதும். அதோடு, அதிகம் பேர் தவறாகத் தேர்ந்தெடுக்கும் விடை எது, எந்த எண்ணம் அவர்களை அங்கே கொண்டுபோகிறது என்ற குறிப்பும் வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சண்டை போட்டுக்கொள்ளட்டும். முதல் கேள்வியை நானே தருகிறேன்:

ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். கையை விட்டு அகன்றபின், மேலே போய்க்கொண்டிருக்கும்போது பந்தின்மீது செயல்படும் விசைகள் எவை? உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது?

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்