மழை பெய்யும்போது வந்து அளந்து பாருங்கள்

தொலைபேசிப் பராமரிப்பு அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கோத்தகிரிச் சரிவில் எங்கள் ஊர் லைன்களின் கரகரப்பு உங்களுக்குப் புதிதல்ல. கடைசிப் புகாரையும் "லைன் நன்றாக உள்ளது" என்று எழுதி மூடிவிட்டீர்கள். சோதித்தது நல்ல வெயில் அடித்த மத்தியானத்தில்.

ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறியது. 108-ஐ அழைத்தோம். எதிர்முனையில் இருந்தவருக்கு ஊர்ப் பெயரே விளங்கவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லியும் "சத்தமா சொல்லுங்க" என்றுதான் பதில் வந்தது. செல்போன் சிக்னல் மேலே ரோட்டில்தான். பாட்டியின் மகன் கொட்டும் மழையில் அங்கே ஏறிப்போய்ப் பேசிய பிறகே வண்டி வந்தது. பாட்டி பிழைத்துக்கொண்டார். அதனால் இது சின்ன விஷயம் ஆகிவிடாது.

கேபிளை ஒட்டியிருக்கும் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கினால், லைனின் இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் கசிகிறது. இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள சமநிலை கெட்டு, பக்கத்து மின்கம்பியின் இரைச்சல் உள்ளே நுழைகிறது. காய்ந்ததும் லைன் பழையபடி ஆகிவிடும். அப்போது அளந்து என்ன பயன்? மழை பெய்யும்போது அளக்க வேண்டும்.

லைன்மேனைக் குறை சொல்லவில்லை. அவரிடம் இருப்பது ஒரு டெஸ்ட் போன்தான்; காதில் வைத்துக் கேட்டுப் "பரவாயில்லை" என்கிறார். இரைச்சலை அளக்க சோஃபோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. பேச்சை அதிகம் கெடுக்கும் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய இரைச்சலுக்கு அது கூடுதல் எடை கொடுக்கும். எக்சேஞ்ச் முனையில் 600 ஓம் மின்தடையை இணைத்துவிட்டு, எங்கள் வீட்டு முனையில் அளந்தால் டெசிபலில் ஓர் எண் கிடைக்கும். 10 டெசிபல் கூடினால் இரைச்சலின் ஆற்றல் பத்து மடங்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு ஏன் எங்கள் புகார்த்தாளில் ஒரு எண்கூட இல்லை?

மலையில் எதைக் கேட்டாலும் இதே கதைதான். ரோடு, பஸ், கரண்ட் எல்லாவற்றையும் மழை விட்ட பிறகு வந்து பார்த்துவிட்டு, சரியாக இருப்பதாக எழுதிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் இங்கே மழையிலும்தான் வாழ்கிறோம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். தயவுசெய்து அடுத்த மழையில் கருவியோடு ஒருவரை அனுப்புங்கள். அளந்த எண்ணை எழுத்தில் கொடுங்கள். கேபிள் போகும் பாதையையும் மண் சரிந்து ஜாயின்ட் வெளியே தெரியும் இடத்தையும் காட்ட எங்கள் பிள்ளைகள் கூடவே வருவார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிச் சரிவிலிருந்து ஒரு சந்தாதாரர்