மழை நாளும் மறுநாளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும், பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் வணக்கம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாரியில் கார்த்திகை தொடங்கித் தை முடியும்வரை எங்கள் முன்பள்ளிக்குச் சீருடை கட்டாயமில்லை. வீட்டில் காய்ந்து கிடக்கும் எந்த உடுப்பிலும் பிள்ளை வரலாம். ‘ரீச்சர்மார் ஒழுங்கைக் குறைக்கிறார்கள்’ என்று ஓரிருவர் நினைக்கக்கூடும் என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

போன மாரியில் வரவு இடாப்பின் ஓரத்தில் அன்றைய மழையையும் குறித்துவைத்தோம். மழை கொட்டும் நாளில் பிள்ளைகள் குறைவது, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் புதினமில்லை. ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும்போது யார்தான் பிள்ளையை அனுப்புவார்? ஆனால் மழையில் நனைந்துகொண்டு வந்த சில பிள்ளைகள், மழை விட்டு நல்ல வெயில் எறித்த மறுநாள் வரவில்லை. காய்ச்சலென்றால் இரண்டு மூன்று நாள் வீட்டில் நிற்பார்கள். இவர்களோ ஒரே ஒரு நாள்தான் நின்றார்கள். அதிலும் பெரும்பாலும் அதே பிள்ளைகள். இடாப்பு அதற்கு மேல் எதையும் சொல்லாது. ரீச்சர் ஒருவர் வீடுகளுக்குப் போய் விசாரித்தார். ஓர் அம்மம்மா கொடியைக் காட்டினாராம்: “இருக்கிறது ஒரு சோடிதான் ரீச்சர், நேத்து நனைஞ்சது இன்னும் காயல்ல.”

அவ்வளவுதான் விசயம். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அறிவுரைக் கடிதம் அனுப்பியிருந்தால் அந்த உடுப்புக் காய்ந்திருக்காது.

இன்னொரு மாற்றம் கதை நேரத்தில். முன்பு காலையில் முதல் வேலையே கதைதான். பெரும்போக அறுவடைக் காலத்தில் அம்மாமார் விடியமுன் வயலுக்குப் போய்விடுவதால், அண்ணனோ அக்காவோதான் சின்னவரைக் கொண்டுவந்து விடுகிறார், அதனால் பிந்திவிடுகிறது. வந்த நேரத்தைக் குறித்துப் பார்த்தபோது, கதையைத் தவறவிடுகிறவர்கள் யாரென்று தெரிந்தது: வீட்டில் கதை சொல்ல ஆளில்லாத பிள்ளைகள்தான். இப்போது சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகே கதை.

நாங்கள் குறிக்கும் மற்றக் கணக்குகள் சின்னவை: எந்த விளையாட்டு மூலையில் யார் எவ்வளவு நேரம் இருந்தார், யாருடன் பேசினார், சாப்பாட்டுப் பெட்டியில் என்ன மிஞ்சியது. வட்டமாக இருத்தினால் வாயே திறக்காத ஒரு பிள்ளை, மணல் மூலையில் மூச்சு விடாமல் கதைக்கிறார். வட்டத்தில் மட்டும் பார்த்து ‘பேச்சுப் பிந்திய பிள்ளை’ என்று எழுதியிருந்தால் எவ்வளவு பிழை! ஒருநாள் குறிப்பை வைத்து நாங்கள் எந்தப் பிள்ளையைப் பற்றியும் முடிவுக்கு வருவதில்லை. வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நாளில், வெவ்வேறு ரீச்சர் பார்த்த பிறகே பேசுகிறோம்.

“என்ட பிள்ளை வகுப்பில எத்தனையாம் பிள்ளை?” என்று கேட்பவர்களுக்கு: இங்கே அந்தக் கணக்கு இல்லை, வரப்போவதுமில்லை. குறிப்புகள் எங்கள் வேலையை அளக்கத்தான். ஒரு மூலைக்குப் பிள்ளைகள் போகாவிட்டால் மூலையை மாற்றுவோம், பிள்ளையை அல்ல. குறிப்புக் கொப்பி அலுமாரியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும். உங்கள் பிள்ளையின் பக்கத்தை நீங்கள் எப்போதும் கேட்டுப் பார்க்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தைப் பார்க்க முடியாது. வாட்ஸ்அப் குழுவிலும் எதையும் போடமாட்டோம்.

கிளினிக் புத்தகத்தைப் பற்றியும் ஒரு சொல். நிறை குறிக்கும் பக்கத்தை அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டுவாருங்கள். அதில் அச்சிட்டிருக்கும் வளர்ச்சி அளவுகளைக் காட்டி, “அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவு” என்று ஓர் அப்பா சொன்னார். அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகள் அவை. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எடுத்தவை. பிள்ளையின் நிறையைக் குறித்த புள்ளி எங்கே இருக்கிறது என்பதோடு, அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள். சில மாதமாக ஏறாமல் கிடைமட்டமாகப் போனால், பிள்ளை ஓடியாடித் திரிந்தாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டத்தான் வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியில் மிஞ்சியதைப் பற்றி எங்களிடம் உள்ள குறிப்பு அப்போது அவருக்கு உதவும். பிஸ்கட் பைக்கற் ஒருநாளும் மிஞ்சுவதில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன். அவித்த பயறும் கடலையும் முதலில் மிஞ்சின. பக்கத்துப் பிள்ளை தின்னத் தொடங்கிய பிறகு அவையும் மிஞ்சுவதில்லை.

கடிதத்தின் பின்பக்கத்தில் மூன்று கேள்விகள் உள்ளன: பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறார், காலையில் யார் கூட்டிவருகிறார், வீட்டில் அதிகம் யாருடன் கதைக்கிறார். உண்மையை எழுதுங்கள், நல்ல பெயர் எடுக்க எழுதாதீர்கள். தொலைபேசி பார்த்துக்கொண்டே பத்து மணிக்குப் படுக்கிறார் என்றால் அதையே எழுதுங்கள். காலையில் தூங்கி விழும் பிள்ளைக்கு என்ன செய்வதென்று நாங்கள் யோசிக்க அதுதான் வேண்டும். எழுதச் சிரமமானவர்கள் வாசலில் ரீச்சரிடம் வாயால் சொன்னால் போதும், அவர் குறித்துக்கொள்வார். அடுத்த வெள்ளிக்கு முன் கிடைத்தால், மழைக்கால நேரசூசியை அதைப் பார்த்தே போடுவோம்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை