விமானி மட்டும் கட்டுப்பட வேண்டிய ஒப்பந்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையம் பற்றி நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பேச்சு கிளம்பிவிடும். சி.எம்.சி.க்கு வரும் வெளிமாநில நோயாளிகள், வி.ஐ.டி. மாணவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வியாபாரிகள் என்று யாருக்கெல்லாம் வசதி எனக் கணக்குப் போடுவார்கள். 1934-ல் போட்ட ஓடுதளம் அது. சின்ன ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்து, ஓடுபாதையைச் சீர்செய்து, கட்டடமும் கட்டியாகிவிட்டது. இருபது பேர் உட்காரும் சிறு விமானங்கள் வரும் என்கிறார்கள். வரட்டும், நானும் ஆவலோடுதான் இருக்கிறேன். ஆனால் அந்த விமானங்களை ஓட்டப்போகிறவர்கள் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள் என்று யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் தம்பி ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் ஏடிஆர் என்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானத்தின் துணை விமானி. நிறுவனத்தின் பெயரை எழுதினால் அவன் வேலைக்கு ஆபத்து என்பதால் எழுதவில்லை. நான் குடியாத்தத்தில் கைலித் தறி வைத்திருக்கிறேன். அவன் படிப்புக்காக வாங்கிய வங்கிக் கடனுக்கும், வேலையில் சேரும்போது கம்பெனி எழுதி வாங்கிய பாண்டு என்ற உறுதிப் பத்திரத்துக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான்தான். விமானத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அந்தத் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

பைலட் என்றால் லட்சம் லட்சமாகச் சம்பளம் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த இடத்துக்குப் போகும் வழியைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகள், மருத்துவத் தகுதி, 200 மணி நேரம் பறந்த கணக்கு, எல்லாம் சேர்ந்தால் வணிக விமானி உரிமம். எங்கள் வீட்டில் இதற்கே ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆனது. அப்பா கட்டிய வீட்டின் பத்திரம் வங்கிக்குப் போனது. உரிமம் வந்ததும் வேலை கிடைத்துவிடாது. எந்த விமானத்தை ஓட்டப்போகிறோமோ அதற்கென்று தனியாக டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும். ஏடிஆர் ரேட்டிங்கை வைத்துக்கொண்டு ஏர்பஸ் ஓட்ட முடியாது. அதற்கு வேறு பயிற்சி, வேறு செலவு. தம்பிக்கு ஏடிஆர் பயிற்சியைக் கம்பெனியே கொடுத்தது. அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பாண்டு. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் அவன் பணம் கட்ட வேண்டும், அவன் கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும்.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. செலவு செய்து பயிற்சி கொடுத்தவர்கள், ஆள் ஓடிவிடக் கூடாது என்று நினைப்பது நியாயம்.

எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்காகத் தம்பி லீவு போட்டு வந்திருந்தபோதுதான் புது ஒப்பந்தம் மெயிலில் வந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, கைலி மடிக்கும் மேசையில் வைத்து இருவரும் படித்தோம். முன்பு ஐந்தாண்டுக்குப் போட்டிருந்த ஒப்பந்தம் இனி ஓராண்டுக்குத்தானாம். புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் நிர்வாகத்தின் விருப்பம். விமானிகளின் சம்பளத்தில் பெரும்பகுதி பறக்கும் மணிக்கணக்கில் வருவது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உண்டு என்று ஒரு மினிமம் கேரண்டி இருக்கும். அதைப் பாதியை ஒட்டிக் குறைத்திருந்தார்கள். வெளியூரில் தங்கும் இரவுகளுக்கான படியும் குறைந்திருந்தது. பாண்டு மட்டும் பழைய தேதியிலிருந்து அப்படியே தொடரும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: இந்த நிபந்தனைகளை நிர்வாகம் தேவைக்கேற்ப மாற்றலாம். ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

“போடலன்னா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“வெளிய போன்னு யாரும் சொல்ல மாட்டாங்கண்ணா. ரோஸ்டர்ல பேரு வராது, அவ்வளவுதான்” என்றான்.

யார் எப்போது பறக்க வேண்டும் என்று போடும் பட்டியல்தான் ரோஸ்டர். அதில் பேர் வராவிட்டால் போவது பணம் மட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது. 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மறுபடி சிமுலேட்டரிலோ பயிற்சியாளரோடோ செய்து காட்டாமல் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் சோதனை, வருடா வருடம் மெடிக்கல். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் விமானியின் தகுதி தானாகவே காலாவதியாகிக்கொண்டு போகிறது. கேப்டன் ஆவதற்குத் தேவையான 1,500 மணி நேரமும் தள்ளிப்போகும். பறந்த கணக்கை எழுதிவைக்கும் லாக்புக்கைத் திறந்து காட்டினான். முன்பக்கங்களில் ஒரு நாளுக்கு நாலு வரி: காலையில் கிளம்பி இரண்டு சிற்றூர்களுக்குப் போய்த் திரும்பியது. கடைசிப் பக்கத்தில் பத்து நாளுக்கு ஒரு வரி. கம்பெனியில் சில விமானங்கள் உதிரிபாகம் இல்லாமல் நிற்கின்றன, சில வழித்தடங்களை மூடிவிட்டார்கள். தேவை குறைந்ததும் மணிக்கணக்கைக் குறைத்து, அந்த நஷ்டத்தை விமானியின் தலையில் இறக்கிவிட்டார்கள்.

எங்கள் தறித் தொழிலில் முன்பணம் கொடுப்பது வழக்கம். வாங்கியவர் கடன் தீரும் வரை நம் தறியை விட்டுப் போக மாட்டார். ஆனால் பாவு, அதாவது தறியின் நீளவாக்கு நூல், ஏற்றும்போது பேசிய கூலிதான் பாவு இறங்கும் வரை. நடுவில் நூல் விலை ஏறினாலும் கைலி விற்காமல் தேங்கினாலும் அது முதலாளியின் கஷ்டம். பாவு பாதியில் இருக்கும்போது கூலியைக் குறைத்தால் தறிக்காரர் எழுந்து போய்விடுவார், அப்போது முன்பணத்தைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காலத்திலிருந்து இங்கே நடக்கும் இந்த முறை, வக்கீல் வைத்து எழுதிய ஒப்பந்தத்தில் இல்லை.

அரசு விதி என்ன சொல்கிறது என்று தேடினேன். டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, வேலையை விடும் கேப்டன் ஓராண்டுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், துணை விமானி ஆறு மாதத்துக்கு முன்பு. பழைய கம்பெனியின் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று இல்லாமல் அடுத்த இடத்தில் சேர முடியாது. திடீரென்று விமானிகள் போய்விட்டால் பயணிகள் தவிப்பார்கள் என்பதற்காக இந்த விதி. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓராண்டு ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பாருங்கள். துணை விமானிக்கு ஒப்பந்தக் காலத்தில் பாதி நோட்டீஸ் காலம். நாளை தம்பி கேப்டன் ஆனால் ஒப்பந்தமும் ஓராண்டு, நோட்டீஸும் ஓராண்டு. அவன் போக வேண்டுமானால் சேர்ந்த அன்றே சொல்லிவிட வேண்டும். கம்பெனியோ பன்னிரண்டாம் மாதக் கடைசியில் புதுப்பிக்கவில்லை என்று ஒரு மெயில் அனுப்பினால் போதும்.

அதே விதியில் நல்லது ஒன்றும் இருக்கிறது. நோட்டீஸ் காலத்தில் கம்பெனி சம்பளத்தையோ சலுகைகளையோ குறைத்தால், விமானி முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்தப் பாதுகாப்பு ஏன் நோட்டீஸ் காலத்தோடு நிற்க வேண்டும்? வேலையில் இருக்கும்போது குறைத்தாலும் அதே உரிமை வேண்டும். அப்படிப் போகிறவனிடம் பாண்டுப் பணமும் கேட்கக் கூடாது.

பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. 2024 தொடக்கத்தில், ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன், விஸ்தாரா விமானிகளுக்குப் புது ஒப்பந்தம் வந்தது. மாதம் 70 மணி நேரமாக இருந்த கேரண்டி 40 ஆனது. விமானிகள் பலர் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் போக, ஏப்ரல் முதல் வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகி நாடு முழுக்கப் பேச்சானது. பிராந்திய விமானிகள் குரல் கொடுத்தால் எங்கோ ஒரு சின்ன ஊருக்கு அன்றைக்கு விமானம் வராது, அவ்வளவுதான். ஏர்பஸ் ரேட்டிங் உள்ளவருக்கு வேறு வாசலாவது இருக்கிறது. இந்தியாவில் ஏடிஆர் ஓட்டும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீதிமன்றம் போகலாமே என்பார்கள். ஏர் இந்தியா அரசிடம் இருந்தபோது 2020 ஆகஸ்டில் வெளியேற்றிய விமானிகளை மறுபடி சேர்க்க வேண்டும், நிலுவைச் சம்பளமும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. அதே தீர்ப்பில், ஒப்பந்த விமானிகளுக்குக் காலத்தை நீட்டிப்பது நிறுவனத்தின் முடிவு என்று விட்டுவிட்டார்கள். தம்பியின் புதுத் தாளில் ஐந்தாண்டு ஓராண்டாக ஏன் மாறியது என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நிறுவனங்களுக்கும் கஷ்டம் இருக்கிறது. விமான வாடகை டாலரில், எரிபொருள் விலை அவர்கள் கையில் இல்லை. உடானில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்துத்தான் 2017-ல் ஓட்ட ஆரம்பித்தார்கள். வரவுக்கும் செலவுக்கும் இடையே விழும் துண்டை அரசு மூன்றாண்டுகள் ஈடுகட்டும். அதற்கப்புறம் பல வழித்தடங்கள் படுத்துவிடுகின்றன. மத்திய தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையில் கணக்கு இருக்கிறது: உடானின் மூன்றாம் கட்டம் வரை கொடுத்த 774 வழித்தடங்களில் தொடங்கியவை 371, மூன்றாண்டு முழுமையாக ஓடியவை 112, அதன் பிறகும் தாக்குப்பிடித்தவை வெறும் 54.

பிராந்திய நிறுவனங்கள் மூடிய கதையும் நமக்குப் புதிதில்லை. தென்னிந்தியாவை நம்பித் தொடங்கிய பாரமவுண்ட் 2010-ல் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா, கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் இரண்டும் 2017-ல் நின்றன. சென்னை–சேலம் விமானத்தை 2018 மார்ச்சில் தொடங்கியது ட்ரூஜெட். அந்த நிறுவனமே 2022-ல் பறப்பதை நிறுத்தியது. சேலத்துக்கு மறுபடி விமானம் வர 2023 அக்டோபர் ஆனது. அப்போது ஊருக்கு விமானம் இல்லையே என்று எல்லாரும் எழுதினார்கள். அந்த விமானிகள் ரேட்டிங்கையும் கடனையும் வைத்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று நான் எங்கும் படிக்கவில்லை.

பயணிகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அசதியோடு ஓட்டக் கூடாது என்றுதான் டிஜிசிஏ 2025 ஜூலையிலிருந்து விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியது. நல்ல விதி. ஆனால் கேரண்டியைக் குறைத்துவிட்டால், காய்ச்சல் என்று ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் இஎம்ஐக்குத் துண்டு விழும். இப்படி மாட்டிக்கொண்டவன் “இன்று என்னால் முடியாது” என்று சொல்வதற்கு எவ்வளவு யோசிப்பான்? தம்பி அப்படி ஓட்ட மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நெருக்கடியை ஒரு விமானிக்கு உண்டாக்குவதே தப்பு.

தம்பி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். நான்தான் போடச் சொன்னேன். வேறு என்ன சொல்வது, பத்திரம் வங்கியில் இருக்கிறது.

இப்போது ஆம்பூரிலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும்கூடத் தெரிந்தவர்கள் போன் செய்கிறார்கள். பையனைப் பைலட்டுக்குப் படிக்க வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அந்த வேலையைத் தம்பி எவ்வளவு விரும்புகிறான் என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவன் நான். பயிற்சிப் பள்ளியின் கட்டணத்தைக் கேட்கும்போதே, வேலையில் சேர்ந்தவர்களின் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள் என்கிறேன். பாண்டு எத்தனை ஆண்டு, கேரண்டி எத்தனை மணி, கம்பெனி நிபந்தனையை மாற்றினால் பாண்டு என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு அநேகமாக எந்தத் தாளிலும் பதில் இருக்காது.

அந்தப் பதிலை விதியில் எழுத வேண்டியது டிஜிசிஏவும் விமானப் போக்குவரத்து அமைச்சகமும். உடானில் ஒரு நிறுவனத்துக்கு அரசுப் பணம் போகிறது என்றால், அந்த வழித்தடத்தில் பறக்கும் விமானிகளின் கேரண்டியை மூன்றாண்டுக்குக் குறைக்கக் கூடாது என்றும் நிபந்தனை போடலாம். விமானி எத்தனை மாத நோட்டீஸ் தர வேண்டுமோ அத்தனை மாத நோட்டீஸை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காத கம்பெனியும் தர வேண்டும். அப்துல்லாபுரத்துக்கு விமானம் எப்போது வரும் என்று நாடாளுமன்றத்தில் கேட்கும்போது, நம் தொகுதி உறுப்பினர் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு துணை விமானியின் அண்ணன்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். தம்பியின் வேலையை நினைத்து அவற்றை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)