மூன்றாவது கல்

சத்துவாச்சாரி, வேலூர்
மாசி மாதம், ஞாயிறு இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். எட்டு ஞாயிறுகளாக உன் குரலைக் கேட்கவில்லை. ‘நலம், வேலை அதிகம்’ என்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்புவதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் தானே ஒருமுறை படித்துக்கொள்கிறாள். வேலை அதிகம் என்றால் நல்லதுதான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இரவில் சாப்பிடாமல் படுக்காதே என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசியாகப் பேசியபோது உன் நட்சத்திர ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னவற்றை டைரியில் எழுதிவைத்திருந்தேன். இந்த எட்டு வாரங்களாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது இரவு ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் நின்றால் ரோகிணி ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது, கார்த்திகைக் கூட்டம் அதற்கு மேற்கே சரிந்திருக்கிறது. அவை இரண்டுக்கும் நடுவே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டில் உன்னுடைய டி டாரி நட்சத்திரம் இருக்கிறது என்று நீ சொன்ன அடையாளத்தை வைத்து அந்த இடத்தைத் தினமும் பார்க்கிறேன். 1852இல் ஹிண்ட் என்பவர் லண்டனிலிருந்து அதை ஒற்றை நட்சத்திரமாகத்தான் கண்டார். 1980களின் தொடக்கத்தில் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோதுதான் அதற்குத் தெற்கே, ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கான விநாடிக்கோணத்தில் முக்காலுக்கும் குறைவான தொலைவில், தூசிக்குள் மறைந்த இன்னொன்று இருப்பது தெரிந்தது. அந்தத் தெற்கத்தியதும் ஒன்றல்ல, இரண்டு என்பது 1990களின் இறுதியில், நீ தொட்டிலில் கிடந்த காலத்தில் தெரியவந்தது. அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்ற ஏறக்குறைய 27 ஆண்டுகள் ஆகின்றன என்று நீ சொன்னபோது, உனக்கு ஆகும் வயதும் அவற்றின் ஒரு சுற்றும் ஒன்றுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆயா இருந்திருந்தால் நட்சத்திரங்களும் இருபத்தேழுதானே என்று கேட்டிருப்பாள்.

முப்பத்தோரு ஆண்டுகள் நிலம் அளந்தவன் என்பதால் எனக்கு முதலில் மலைப்பாக இருந்தது நீ அளக்கும் கோணம்தான். கோணம் அளக்கும் என் தியோடலைட் 20 விநாடிக்கோணத்துக்குக் கீழே படிக்காது. உன் இரட்டையின் சுற்றுப்பாதையில் பாதி நீளம் ஒரு விநாடிக்கோணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அதை என் மனத்துக்குள் இருத்திக்கொள்ள ஒரு கணக்குப் போட்டேன்: நம் கோட்டை மதில்மேல் நின்று, நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் வாசலில் யாரோ உயர்த்திப் பிடிக்கும் ஒரு ரூபாய் நாணயம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான் அது. நீ அந்த நாணயத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று ஆண்டுதோறும் குறித்துவைக்கிறாய். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மேல் கம்பத்தைப் பார்த்தால் கானலில் அது நெளியும் என்பதால் நாங்கள் விடிகாலையிலேயே அளவை முடித்துக்கொள்வோம். நீங்களோ, காற்று நெளிகிற நெளிவை அந்தக் கணமே அளந்து, அதற்கு எதிராகக் கண்ணாடியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நெளியவைத்து, அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறீர்கள். காவலூருக்கு ஒரு சனிக்கிழமை உன்னை ஆலங்காயம் வழியாக பஸ்ஸில் அழைத்துப்போனது நினைவிருக்கிறதா? 1986இல் வேலையைத் தொடங்கிய அந்த 2.34 மீட்டர் கண்ணாடியைப் பார்த்து, ‘இதை யார் துடைப்பார்கள்’ என்று கேட்டாய். இன்று ஹவாயில் மௌனா கியா மலையிலுள்ள 10 மீட்டர் கண்ணாடி பதிந்த படங்களில் என் மகள் அளவு எடுக்கிறாள் என்பதை நான் கிரீன் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு பெருமையையும் எழுதிவிட்டு இதையும் எழுதுகிறேன்: ஆயாவின் தலைதிவசத்துக்கு நீ வந்திருக்கலாம். விடுப்பு கிடைக்கவில்லை என்றாய், ஒப்புக்கொண்டேன். ஆனாலும் வந்திருக்கலாம்.

எடை பார்க்கும் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஓர் அளவுகோலாக வைத்தால் அந்த இரட்டையின் பாதையின் அரைநீளம் சுமார் 12.5. அதை மும்மடிப் பெருக்கினால் 1953. காலம் 27 ஆண்டுகள், அதை இருமடிப் பெருக்கினால் 729. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.68, இரண்டும் சேர்ந்து அத்தனை சூரியன் எடை. கெப்லர் கண்ட விதி, ஒரு வகுத்தலில் நட்சத்திரத்தைத் தராசில் ஏற்றிவிடுகிறது. பிறகு, 27க்குப் பதிலாக 26 போட்டேன், 2.89 வந்தது. 28 போட்டேன், 2.49 வந்தது. காலத்தில் ஓர் ஆண்டு பிசகினால் எடையில் ஒரு சூரியனின் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. தூரத்தில் வரும் பிழை அதைவிடக் கொடியது, ஏனெனில் அது மூன்று மடங்காக எடையில் ஏறுகிறது. நல்லவேளையாக அந்தத் தூரத்தை, பூமியின் பாதையையே அடிக்கோடாக வைத்து, ரேடியோ தொலைநோக்கிகளால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு அளந்துவைத்திருக்கிறார்கள். சுமார் 480 ஒளியாண்டு. 1802இல் இந்தியாவை அளக்கத் தொடங்கிய லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோட்டை அளந்தார், அதிலிருந்துதான் பின்னால் வந்த பெரிய அளவை தொடங்கியது. உங்கள் தொழிலும் எங்கள் தொழிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் இது மொத்த எடைதான். யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டுமென்றால் மூன்றாவது வேண்டும் என்று நீ சொன்ன இடத்தில்தான் நான் பல நாள் நின்றுவிட்டேன். காவடித் தண்டில் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் இலேசாகவும் இருந்தால் தோள் கனத்தின் பக்கமாக நகர்ந்து நிற்கும். அந்த இரண்டும் சுற்றுவது அப்படியொரு தோளைத்தான், ஆனால் அந்த இடத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அளந்தால் தோள் எங்கே என்று தெரியாது. வடக்கே நிற்கும் மூன்றாவதை எல்லைக்கல்லாக வைத்து, அதிலிருந்து இரண்டையும் தனித்தனியே அளந்தால், எது அதிகம் ஆடுகிறது, எது குறைவாக ஆடுகிறது என்று தெரிந்து, பெரியதுக்குச் சுமார் 2 சூரியன், சின்னதுக்கு ஏறக்குறைய அரைச் சூரியன் என்று பங்கு விழுகிறது. அந்தக் கல்லும் நிலையாக நிற்பதில்லை, அதுவும் தெற்கு இரட்டையும் ஒன்றையொன்று மிகமெதுவாகச் சுற்றுகின்றன, நாற்பது ஆண்டுகளில் கண்டது அந்தப் பெரிய சுற்றில் ஒரு சிறு வில்தான் என்று நீ சொன்னாய். நட்ட கல்லே நகர்கிறது என்றால் ஒரு சர்வேயருக்கு அடிவயிறு கலங்கும். அதனால்தான் உன் வேலையின் கஷ்டம் மற்ற யாரைவிடவும் எனக்குப் புரிகிறது.

இளம் நட்சத்திரத்தை எடை போடுவதற்கு இத்தனை பாடு எதற்கு என்று அம்மா கேட்டாள். பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகள்கூட ஆகாத நட்சத்திரங்களுக்கு, நிறத்தையும் ஒளியையும் பார்த்து எடை சொல்லும் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஈர்ப்பினால் அளந்த எடைதான் அவற்றுக்கு உரைகல் என்று நீ சொன்னபடியே சொன்னேன். உன் ஜென்ம நட்சத்திரமான மிருகசீரிடத்தை ஒட்டிய பகுதியில் 1300 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஜிடபிள்யூ ஓரியானிஸ் என்ற மூன்று நட்சத்திரக் கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அங்கே உள்ளே இருக்கும் இரண்டும் எட்டு மாதத்தில் சுற்றிவிடுகின்றன, மூன்றாவது அவற்றைச் சுற்றப் பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகிறது, சுற்றியுள்ள தூசி வளையங்கள் ஒன்றுக்கொன்று சாய்ந்து கிடக்கின்றன. அதை அவள் மிகவும் ரசித்தாள்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். அன்று பேசி முடிக்கும்போது, ‘அளந்ததில் இரண்டு புள்ளிகளை எடுத்துவிட்டால் பாதை அழகாக உட்காருகிறது அப்பா’ என்று தாழ்ந்த குரலில் சொன்னாய். நான் ‘சரிம்மா’ என்றேன். நீ உடனே அம்மாவின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. அந்த இரண்டை நீ எடுத்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவை எந்த ஆண்டின் புள்ளிகள் என்றும் கேட்கவில்லை. சென்ற சில ஆண்டுகளில் அந்த இரட்டை மிக நெருங்கிவந்ததே, அப்போது அளந்தவையாக இருக்குமோ என்று நானாக நினைத்துக்கொண்டேன். நெருக்கத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம், பிழையும் அதிகம் வரும். ஆனால் அவை மிக வேகமாக ஓடுவதும் அப்போதுதான், ஆகவே பாதை எப்படிப்பட்டது என்று உரக்கச் சொல்வதும் அந்தப் புள்ளிகள்தான். பிழை என்று காரணம் காட்ட முடிந்தால் எடுத்துவிடு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பொருந்தவில்லை என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. அளந்துகொண்டே போய்த் தொடங்கிய கல்லுக்கே கணக்கு வந்து சேர்வதைத்தான் நாங்கள் சுற்று மூடுவது என்போம். அவசரப்பட்டுச் சுற்றை மூடாதே. சரியாகச் சாப்பிடு, தூங்கு, அவசரப்பட்டுச் சுற்றை மூடாதே.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்டதில்லை, உனக்குத் தெரியாததால் கேட்கவில்லை. கிணற்றுக்காரம்மாவை உனக்கு நினைவிருக்கும். நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது நம் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள், நீ சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவள் பொய் வழக்குப் போடுகிறாள் என்று உங்களிடம் சொன்னேன். பொய் சொன்னது நான்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளுக்கும் அவள் கொழுந்தனுக்கும் உட்பிரிவு அளந்து கொடுக்கப் போயிருந்தேன். இரண்டு கற்கள் கிடைத்தன. வரப்பு முனையில் இருக்கவேண்டிய கல் இல்லை. அதைத் திரும்ப நிறுத்த மூன்றாவது கல்லிலிருந்து சங்கிலி பிடித்து வரவேண்டும், அந்தக் கல் ஆளுயரக் கரும்புக்குள் இருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தலையாரியும் செயின்மேனும் புளியமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். பழைய புலப்படத்தில் இருந்த தூரத்தை எடுத்துக் குறிப்பேட்டில் அன்று அளந்ததாக எழுதினேன். கணக்கு ஒரு லிங்க்ஸ்கூடப் பிசகாமல் மூடியது. அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் எந்தச் சுற்றும் மூடியதில்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த மூன்றாவது கல் வண்டி இடித்துச் சாய்ந்து, யாரோ பல ஆண்டுகளுக்கு முன்பே வேறிடத்தில் நட்டுவைத்த கல். அதைச் சுற்றியிருந்த மற்றக் கற்களோடு ஒப்பிட்டு ஒருமுறை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய படத்தின் தூரத்தைத் தரையில் கண்ட கற்களோடு நான் ஒட்டவைத்ததில் எல்லை ஏழு லிங்க்ஸ் உள்ளே விழுந்தது. ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். கிணற்றின் பாதி வாயும் மோட்டார் கொட்டகையும் கொழுந்தன் பக்கம் போயின. மறு அளவை மனு வந்தபோதும் என் குறிப்பேட்டைத்தான் காட்டினேன். எண்கள் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்ததால் அவளை யாரும் நம்பவில்லை. நிலத்தைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போனாள்.

இதை அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். காலையில் காபி கொடுத்தபோது, ‘பாப்பாவுக்கு எழுதுங்கள்’ என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் இப்போதும் ஆம்பூரில் மகனோடு இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வரும் புதன்கிழமை போகிறேன். போய் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகிறேன்.

நீ திரும்பி வருவதானாலும் வா, அங்கேயே இருப்பதானாலும் இரு. லாங் பஜாரில் மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள் ஒரு கட்டு வாங்கிவைத்திருக்கிறேன். அந்த இரண்டு புள்ளிகளின் தேதியையும், வடக்குக் கல்லிலிருந்து நீ எடுத்த அளவையும் பிழையையும் மட்டும் எழுதி அனுப்பு. மற்றப் புள்ளிகளை உன் பழைய கடிதத்திலிருந்து ஏற்கெனவே குறித்துவிட்டேன். அந்த இரண்டுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா