தவறான உத்தரவு வேறு, தவறான நடத்தை வேறு: உயர் நீதிமன்ற நிர்வாக நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகளுக்கு, வணக்கம்.

கீழமை நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் வழக்கறிஞன் நான். அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவு இந்த நீதிமன்றங்களை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. முன்சீப்பாகச் சேரும் ஒருவர் சார்பு நீதிபதியாவதும், எந்த ஊருக்கு மாற்றப்படுவார் என்பதும், அவருடைய பணியை ஆண்டுதோறும் மதிப்பிடும் இரகசிய அறிக்கையில் என்ன ஏறும் என்பதும் உங்கள் தரப்பில்தான் முடிவாகின்றன. அந்த அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அது உண்டாக்கும் பயத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரு ஜாமீன் மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, முக்கியச் சாட்சிகளை விசாரித்தாயிற்று, ஆள் ஓடிப்போகவும் வழியில்லை. ஜாமீன் கொடுக்கலாம் என்று நீதிபதிக்கே தெரியும். ஆனாலும் மனு தள்ளுபடியாகிறது. மறுத்தால் அவரை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, வேண்டுமென்றால் மேலே போய் வாங்கிக்கொள்ளட்டும். கொடுத்தால்தான் மொட்டைக் கடுதாசி வரும், விளக்கம் கேட்டு மெமோ வரும், நேர்மையைப் பற்றி இரகசிய அறிக்கையில் ஒரு வரி ஏறும். அந்த ஒரு வரி பதவி உயர்வை நிறுத்திவிடும். இடையில் சிறையில் கிடப்பவரின் மாதங்களுக்கு யார் பொறுப்பு?

உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பீகாரில் ஜாமீன் கொடுத்ததற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான நீதிபதி ஒருவரின் வழக்கில், உள்நோக்கமோ வெளி அழுத்தமோ கையூட்டோ இருந்ததாகக் குற்றச்சாட்டு இல்லாதபோது, உத்தரவு தவறு என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2019-இல் தீர்ப்பளித்தது. நேர்மையான நீதிபதிகளை வழிநடத்துவதும் பாதுகாப்பதும் உயர் நீதிமன்றத்தின் கடமை என்று 1988-லேயே சொல்லிவிட்டது.

மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் கீழமை நீதிபதியைப் பற்றி எழுதப்படும் கண்டனங்கள் இன்னும் வருத்தம் தருகின்றன. மேல்முறையீட்டில் விசாரணை நீதிபதி ஒரு தரப்பே அல்ல. தன்னைப் பற்றி எழுதப்பட்டதை அவர் ஊரோடு சேர்ந்துதான் படிக்கிறார், பதில் சொல்ல இடமில்லை. மறுநாள் அதே வழக்கறிஞர்கள் முன்னால் அவர் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட கண்டனங்களைத் தீர்ப்பில் எழுதாமல், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பக்கம் தனியே கொண்டுபோகலாம் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியும் இருக்கிறது.

முடிக்கும் வழக்குகளுக்கு மதிப்பெண் போட்டு நீதிபதியின் வேலையை அளக்கும் யூனிட் கணக்கும் இதோடு சேர்ந்த பாரம்தான். மாதக் கடைசியில் இலக்கை எட்ட, சீக்கிரம் முடியும் சின்ன வழக்குகள் முன்னால் வருகின்றன, பழைய பாகப்பிரிவினை வழக்கு மறுபடி வாய்தாவுக்குப் போகிறது. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் என்ற நிலையை ஐந்தாண்டுகளில் எட்ட வேண்டும் என்று 2002-இல் உத்தரவானது. இன்றும் பாதியைக்கூட எட்டவில்லை. அந்தக் குறையை, இருக்கும் நீதிபதியின் அறிக்கையில் ஏற்றுவது நியாயமா?

லஞ்சம் வாங்குபவரைத் தயவு தாட்சண்யமின்றித் தண்டியுங்கள், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஓர் உத்தரவைக் குறித்துப் புகார் வந்தால், உத்தரவைத் தவிர வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மெமோ அனுப்பாமல் புகாரை அங்கேயே முடித்துவிடுங்கள். முடித்ததை அந்த நீதிபதிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கீழமை நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்