அப்பாவின் செபம்

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

அப்பாவின் அடக்கத்துக்கு நான் வரமுடியாமல் போனதை நினைத்து நீ இன்னும் அழுகிறாய் என்று மாமா சொன்னார். விடுப்பு கிடைக்கவில்லை அக்கா. ஆனால் அந்த நாட்களில் நான் தனியாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சிங்கப்பூர் ஓஃபீர் சாலையில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது. ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கப்பல் பட்டறைப் பையன்கள், வீட்டு வேலைக்கு வந்த அக்காமார், மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பங்கள் எல்லாரும் வருவார்கள்.

அந்தத் துக்க நாட்களில் ஒரு ஞாயிறு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வழக்கமாகப் பக்கத்தில் உட்காரும் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். மன்றாட்டு நேரத்தில் அப்பா பெயரை வாசித்துவிட்டார்கள்! பூசை முடிந்ததும் இருபது பேர் போகாமல் செபமாலை சொல்ல உட்கார்ந்தார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பதே அந்த ஒரு நாள் ஓய்வுதான்.

ஒரு பாட்டி தொடங்கினார்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க..." அப்பா சொல்லும் அதே பழைய செபம். பாட்டியின் தாத்தா காரைக்காலிலிருந்து வந்தவராம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடுத்த ஞாயிறு அவரே தூக்குச்சட்டியில் சோறும் ரசமும் கொண்டுவந்தார். "துக்க வீட்டுல அடுப்பு எரியக்கூடாதுப்பா, சாப்பிடு" என்றார். எனக்கு இங்கே ஏது வீடு, ஏது அடுப்பு? அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் நம் வீட்டில் என்றால், அப்பா மதியமே பாயை உதறிப் போடுவார். நான் கடற்கரைக்குப் போய்விடுவேன். சாமிக்கும் எனக்கும் நடுவில் இத்தனை பேர் எதற்கு என்று நினைத்த வயது. ஆனால் அந்த ஞாயிறு பூசையில் சாமியிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை அக்கா. அவர்கள்தான் எனக்காகப் பேசினார்கள்.

சரி, கல்லறைத் திருநாளுக்கு என் பங்குக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடு. அடுத்த முறை அன்பியம் நம் வீட்டில் நடக்கும்போது, நான் அனுப்பிய பணத்தில் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடு. அந்தப் பாட்டிக்கு அடுத்த மாதம் கண் அறுவை சிகிச்சை. மன்றாட்டில் மறக்காமல் சொல்லச் சொல்.

உன் அன்புத் தம்பி